டெஸ்டின்ல பெரிய வீடா, ஆரஞ்ச் பீச்ல காண்டோவா – ரெண்டுலயும் தங்கிப் பாத்தாச்சு

அட்லாண்டா பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஏப்ரல் மொத வாரம் ஃபோர்சித், ஃபுல்ட்டன், க்வின்னெட்னு எல்லா கவுன்ட்டி ஸ்கூலுக்கும் பெரும்பாலும் ஒரே வாரத்துல ஸ்ப்ரிங் பிரேக் விட்டுருவாங்க, வெள்ளிக்கிழமை ஸ்கூல் பஸ் வந்து நின்னதும் பாதி ஊரு வண்டி கட்டிக்கிட்டு கல்ஃப் (மெக்சிகோ வளைகுடா) பக்கம் கெளம்பிரும். டெஸ்டின் பீச்ல நடந்தா நம்ம காலனி ஆளுங்களையே நாலு பேரைப் பாக்கலாம். நாங்களும் மூணு குடும்பமா ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டோம். ரெண்டு வருஷம் முன்னாடி ஃப்ளோரிடா டெஸ்டின்ல ஒரு பெரிய வீடு, இந்த வருஷம் அலபாமா ஆரஞ்ச் பீச்ல ஒரே பில்டிங்ல மூணு காண்டோ (வாடகைக்கு விடற அபார்ட்மென்ட்). ரெண்டு தடவையும் அதே 13 பேர், பெரியவங்க 8, பசங்க 5. ஊர்லேர்ந்து வந்திருந்த மாமாவும் அத்தையும் கூட ரெண்டு ட்ரிப்லயும் இருந்தாங்க (ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வர்றாங்க, அது அப்படி அமைஞ்சுது). மொதல்லயே சொல்லிடறேன், நான் காண்டோ கட்சி. எங்க க்ரூப்ல வீட்டுக் கட்சியும் இருக்கு, அவங்க பக்கத்தையும் முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ரெண்டுலயும் ஒண்ணா இருக்கிற விஷயத்தை வேகமா முடிச்சிடலாம். டிரைவ் கிட்டத்தட்ட சமம், மான்ட்கமரி வரைக்கும் ஒரே ரோடு, அப்புறம்தான் பிரியுது. பசங்க பாத்ரூம் ஸ்டாப்போட ஆறரை, ஏழு மணி நேரம் வெச்சுக்கோங்க. ரெண்டு ஊரும் சென்ட்ரல் டைம், போகும்போது ஒரு மணி நேரம் லாபம், வரும்போது அது போயிடும். மணலும் ஒரே மணல்தான். அப்பலாச்சியன் மலையிலேர்ந்து ஆத்துல அடிச்சிட்டு வந்த க்வார்ட்ஸ், சர்க்கரை மாதிரி வெள்ளையா இருக்கும், மத்தியான வெயில்லயும் கால் சுடாது, நடந்தா கீச்சு கீச்சுன்னு சத்தம் வரும். அத்தை அதைக் கையில அள்ளி வெச்சுக்கிட்டு "இது கோலமாவுல்ல"ன்னாங்க. தண்ணி ரெண்டு இடத்துலயும் ஏப்ரல் ஆரம்பத்துல 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் இருக்கும், பசங்க குதிப்பாங்க, நாம முட்டி வரைக்கும் நின்னுட்டு வந்துடுவோம்.

சில பேர் நம்ம ஜார்ஜியாவுலயே இருக்கிற டைபி ஐலண்டு நாலு மணி நேரம்தானே, அங்க போகலாமேன்னு கேப்பாங்க. ஒரு நாள் போயிட்டு வரலாம். ஆனா ஜார்ஜியா கரையில ஓதம் ஏறி இறங்குறது ஆறு ஏழு அடி இருக்கும், காலையில பசங்க கட்டின கோட்டை மத்தியானம் கடலுக்குள்ள கெடக்கும், இல்லைன்னா தண்ணியைத் தேடி நாம நடக்கணும். கல்ஃப்ல அந்த ஏத்த இறக்கம் ஒண்ணு ஒண்ணரை அடிதான், காலையில போட்ட சேரை சாயங்காலம் வரைக்கும் நகத்த வேண்டாம். ஒரு வாரம் தங்கறதுன்னா கல்ஃப்தான்.

சரி, இப்ப நிஜமா முடிவு பண்ற விஷயத்துக்கு வர்றேன். புக் பண்ணும்போது நாங்க எத்தனை பெட்ரூம், கிச்சன் எவ்ளோ பெருசு, பூல் இருக்கா, ரிவ்யூ எத்தனை ஸ்டார்னு எல்லாம் பாத்தோம். மணல்லேர்ந்து ரூம் கதவு வரைக்கும் எத்தனை நிமிஷம்னு ஒருத்தர் கூட கேக்கல. டெஸ்டின் வீடு லிஸ்டிங்ல "பீச்சுக்கு பக்கத்துல"ன்னு போட்டிருந்தாங்க. மேப்ல பாத்தா அர மைல் கூட இல்ல. அர மைல்னா என்ன, நாம பட்டேல் மளிகைக் கடை பார்க்கிங்லயே அவ்ளோ நடக்கிறோம்னு விட்டுட்டோம்.

அந்த அர மைல்ல நடுவுல ஹைவே 98 ஓடுது. ஸ்ப்ரிங் பிரேக்ல அந்த ரோட்டைப் பாத்தவங்களுக்கு நான் விளக்க வேண்டாம், கார் நகராது, நகர்ற நேரத்துல நிக்காது. சிக்னல்ல நின்னு, 13 பேரையும் எண்ணி, சாமான் ஏத்தின வேகனை (கையால இழுக்கிற சின்ன வண்டி) இழுத்து, க்ராஸ் பண்ணி, அப்புறம் நேரா மணலுக்குப் போக முடியுமான்னா அதுவும் இல்ல, முன்னாடி இருக்கிற பீச்ல நிறைய இடம் பிரைவேட், பக்கத்து பில்டிங்காரங்க போர்டு வெச்சிருப்பாங்க, பப்ளிக் ஆக்சஸ் (பொது வழி) எங்க இருக்கோ அங்க போய்த்தான் இறங்கணும். அந்தக் கரை முழுக்க இந்தப் பிரைவேட் பீச் தகராறு பல வருஷமா ஓடுது, 2018ல ஃப்ளோரிடால ஒரு சட்டம் வந்து, பக்கத்து வால்டன் கவுன்ட்டில அது கோர்ட் வரைக்கும் போச்சு, 2025ல அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. நமக்கு எதுக்கு அந்த வழக்கு, ஆனா வேகனை இழுக்கிறவன் கை வலிக்கும்போது தெரியும். வேகன்னு சொன்னேனே, சாதா சக்கரம் இருக்கிற வேகனை வாங்கிடாதீங்க, மணல்ல பத்தடி போனதும் புதைஞ்சு நின்னுக்கும், பலூன் மாதிரி குண்டு சக்கரம் வெச்சது வேணும். எங்களோடது சாதா சக்கரம்.

வீட்டுக் கதவைப் பூட்டினதுலேர்ந்து மணல்ல டவல் விரிக்கிற வரைக்கும் 25 நிமிஷம். நடை மட்டும் 12 நிமிஷம்தான், மீதி சன்ஸ்க்ரீன், செருப்பு, மறந்துபோன தண்ணி பாட்டில். இந்த 25 நிமிஷம் என்ன பண்ணுச்சுன்னா, போனா எல்லாரும் சேந்து போகணும், வந்தா எல்லாரும் சேந்து வரணும்னு ஆயிடுச்சு. ஒரு குழந்தைக்குத் தூக்கம் வந்தா ஒரு பெரியவர் அதைத் தூக்கிட்டு 98ஐத் தாண்டி வீட்டுக்குப் போகணும், போனவர் திரும்பி வரமாட்டார். என் சின்னவனுக்கு அப்ப ரெண்டு வயசு, பீச்சுக்குப் போய்ச் சேந்த பத்தாவது நிமிஷம் வேலையைக் காட்டுவான், பக்கத்துல பாத்ரூம் கிடையாது. மாமாவுக்கு முட்டி வலி, மொத நாள் நடந்தார், ரெண்டாவது நாள் "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் நியூஸ் பாக்கிறேன்"னுட்டார். தூத்துக்குடியில பொறந்து வளந்து துறைமுகத்துல வேலை பாத்த மனுஷன், இவ்ளோ தூரம் வந்து கடலை ரெண்டு தடவைதான் பாத்தார், மீதி அஞ்சு நாள் சோஃபால. எனக்கு அதுதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

மத்தியான சாப்பாடு இன்னொரு கூத்து. வீட்டுல பெரிய கிச்சன் இருக்கு, ஆறு பர்னர் அடுப்பு இருக்கு, எல்லாம் இருக்கு, ஆனா மத்தியானம் நாம பீச்ல இருக்கோம். சாப்பிட வீட்டுக்கு வந்தா அன்னைக்குப் பீச் முடிஞ்சது. அதனால காலையிலேயே ரெண்டு பேர் எழுந்து புளியோதரை, தயிர்சாதம்னு கட்டி கூலர்ல வெச்சு இழுத்துட்டுப் போனோம். மூணாவது நாள்லேர்ந்து பப்ளிக்ஸ் சூப்பர்மார்க்கெட்ல வெஜ்ஜி சப் சாண்ட்விச் வாங்கிட்டோம்.

இந்த வருஷம் ஆரஞ்ச் பீச்ல பில்டிங்கே மணல் மேல நிக்குது. லிஃப்ட்ல இறங்கி, பூலைத் தாண்டி, மரப்பாலத்துல நடந்தா கடல். மூணு நிமிஷம், லிஃப்ட் சட்டுனு வந்தா. அவ்ளோதான் வித்தியாசம், ஆனா வாரமே வேற மாதிரி ஆயிடுச்சு. காலையில ஆறரைக்கு எங்க வீட்டுக்காரர் காபி கப்போட தனியா இறங்கி நடந்துட்டு வர்றார், எட்டு மணிக்குப் பெரிய பசங்க யாராவது ஒரு அப்பாவோட போறாங்க, பத்து மணிக்கு நான் போறேன், பதினொண்ணுக்குச் சின்னவனைத் தூங்க வைக்க மேல வர்றேன், அவன் தூங்கினதும் அத்தை "நான் பாத்துக்கிறேன் நீ போ"ங்கிறாங்க, நான் மறுபடி இறங்கறேன். யாரும் யாருக்காகவும் காத்திருக்கல. ரசம் சூடா கீழ வந்துச்சு, நம்புங்க, ஃப்ளாஸ்க்ல ஊத்தி மணல்ல உக்காந்து குடிச்சோம். மாமா பால்கனில சேர் போட்டு உக்காந்தார், பெலிக்கன் வரிசையா போறதை எண்ணினார், ரெண்டு தடவை டால்ஃபின் பாத்துட்டு ஃபோன் பண்ணி எங்களுக்குச் சொன்னார், எங்களுக்குத் தெரியல, மேலேர்ந்து அவருக்குத்தான் தெரிஞ்சுது. சாயங்காலம் வெயில் இறங்கினதும் அவரும் இறங்கி வந்து காலை நனைச்சார். "நம்ம தூத்துக்குடி கடல் மாதிரியே அலையில்லாம கெடக்கு"ன்னார். மறுநாளே காத்து மாறிச்சு, ரெட் ஃப்ளாக் ஏத்திட்டாங்க.

அந்த ஃப்ளாக் விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். பச்சைன்னா அமைதி, மஞ்சள்னா கவனம், ஒரு சிவப்புன்னா அலையும் நீரோட்டமும் ஆபத்து, ரெண்டு சிவப்புன்னா தண்ணியில யாருமே இறங்கக்கூடாது, மீறினா ஃபைன். ஊதா ஏத்தினா ஜெல்லிமீன் மாதிரி கொட்டற ஜந்து இருக்குன்னு அர்த்தம். பாக்க அமைதியா இருக்கும், ஆனா மணல் திட்டுக்கு நடுவுல இருக்கிற வழியா தண்ணி உள்ள இழுக்கும். மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையா நீந்தி அந்த இழுப்பைத் தாண்டி அப்புறம் திரும்பணும். ஸ்ப்ரிங்ல ஒரு வாரத்துல ரெண்டு நாளாவது சிவப்பு இருக்கும்னு நினைச்சே ப்ளான் பண்ணுங்க. இங்கயும் தூரம்தான் வந்து நிக்குது பாருங்க, டெஸ்டின்ல 25 நிமிஷம் இழுத்துட்டுப் போய் டபுள் ரெட்டைப் பாத்துட்டு 25 நிமிஷம் திரும்பி வந்தோம். ஆரஞ்ச் பீச்ல பால்கனிலேர்ந்தே கொடி தெரிஞ்சுது, பசங்களை நேரா பூலுக்கு அனுப்பிட்டோம், அதுவும் சூடு பண்ணின பூல். டெஸ்டின் வீட்டுப் பூலுக்கு ஹீட் பண்ண ஒரு நாளைக்கு 50 டாலர் தனியா கேட்டாங்க, வேண்டாம்னு சொல்லி, ஐஸ் தண்ணியைச் சுத்தி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தோம்.

செலவுல பெரிய வித்தியாசம் வரல. வீட்டு வாடகையை மூணா பிரிச்சதும் ஒரு காண்டோவோட வாடகையும் பக்கத்துல பக்கத்துல வந்துச்சு, க்ளீனிங் ஃபீ மட்டும் காண்டோல மூணு தடவை கட்டணும். ஆனா வீட்டுல பங்கு பிரிக்கிறது இருக்கே, அது தனிக் கதை. தலைக்கு இவ்ளோன்னு போடலாமா, குடும்பத்துக்கு இவ்ளோன்னு போடலாமா, கிங் பெட்டும் தனி பாத்ரூமும் இருக்கிற ரூம் யாருக்கு, பங்க் பெட் ரூம்ல யாரு. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லல, அதனாலதான் கஷ்டம். மூணு காண்டோன்னா அவங்கவங்க வாடகை அவங்கவங்களுக்கு, பசங்களை எட்டு மணிக்குத் தூங்க வைக்கிறவங்களும் பதினொண்ணு வரைக்கும் விடறவங்களும் நிம்மதியா இருந்தோம்.

இப்ப வீட்டுக் கட்சி சொல்றது. டெஸ்டின்ல ராத்திரி ரொம்ப நல்லா இருந்துச்சு, அதை நான் மறுக்கவே மாட்டேன். நீள டேபிள்ல 13 பேரும் உக்காந்து, அத்தை தோசை ஊத்த ஊத்த ஒருத்தர் தட்டுலேர்ந்து ஒருத்தர் பிடுங்கி, பசங்க மேல மாடில ஓடி, நாங்க ஒரு மணி வரைக்கும் சீட்டு ஆடி. காண்டோல அது வரல. ராத்திரி ஏதாவது ஒரு யூனிட்ல கூடினோம், நாலு பேர் சோஃபால, மீதி தரையில, பத்து மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுன்னு ரூல் வேற. கிச்சன் ரொம்பச் சின்னது, குக்கர் விசில் அடிச்சா கீழ் ஃப்ளோர் வரைக்கும் கேக்குமோன்னு பயம். சனிக்கிழமை நாலு மணி செக் இன்னுக்கு மொத்த பில்டிங்கும் ஒரே நேரத்துல வந்து இறங்கும், லக்கேஜ் வண்டி கெடைக்காது, லிஃப்டுக்கு அர மணி நேரம் நின்னோம். பார்க்கிங் பாஸ் யூனிட்டுக்கு இத்தனைன்னு கணக்கு. இன்னொண்ணு, சின்னப் பசங்க இருந்தா பால்கனி கதவு லாக்கை மொத வேலையா பாருங்க, சேரை ராத்திரி உள்ள எடுத்து வெச்சிடுங்க. நான் ஏழாவது ஃப்ளோர்ல ஒரு வாரமும் சரியாத் தூங்கல.

வெளிய சுத்தறதுக்கு டெஸ்டின் கை ஓங்கினதுதான். ஹார்பர், போட், ஹென்டர்சன் பீச் ஸ்டேட் பார்க், க்ராப் ஐலண்டு (ஐலண்டு இல்ல, தண்ணிக்குள்ள மூழ்கின மணல் திட்டு, போட்டைக் கட்டிட்டு இடுப்பளவு தண்ணில நிக்கலாம்). ஆரஞ்ச் பீச் பக்கம் கொஞ்சம் அமைதி, ஸ்டேட் பார்க் வழியா போற பேக்கன்ட்ரி டிரெயில்ல சைக்கிள் ஓட்டினோம், வரும்போது கொஞ்சம் சுத்தி மொபைல்ங்கிற ஊருக்குப் போய் யுஎஸ்எஸ் அலபாமா போர்க்கப்பலைப் பாத்தோம், ரெண்டாம் உலகப் போர்ல ஓடின கப்பல், மாமாவை அதுலேர்ந்து இறக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. காலேஜ் பசங்க கூட்டம் பத்தி பயப்படறவங்களுக்கு, பக்கத்து கல்ஃப் ஷோர்ஸ்ல 2016லேர்ந்து ஸ்ப்ரிங் பிரேக் சமயத்துல பீச்ல குடிக்கவே தடை. சைவம் சாப்பிடறவங்களுக்கு ரெண்டு ஊருமே பாலைவனம், மாவு அரைச்சு கூலர்ல எடுத்துட்டுப் போங்க.

ஒண்ணு நேர்மையா சொல்லணும், டெஸ்டின்லயும் மணல் மேலயே நிக்கிற காண்டோ வரிசையா இருக்கு, அதுல நான் தங்கினதில்ல. ஆரஞ்ச் பீச்லயும் மணல் மேலயே வீடு கெடைக்கும், விலை பாத்துட்டு மூடிட்டேன். அதனால நான் ஊரை ஒப்பிடறேனா தூரத்தை ஒப்பிடறேனான்னு கேட்டா, தூரத்தைத்தான். உங்க பசங்க பன்னெண்டு வயசுக்கு மேல, கூட வயசானவங்க இல்லைன்னா இந்த 25 நிமிஷம் உங்களுக்கு ஒரு பொருட்டாவே இருக்காதோ என்னவோ, அப்படிப் போய் எனக்குப் பழக்கமில்ல.

புக் பண்றவங்க லிஸ்டிங்ல இருக்கிற வார்த்தையை நம்பாதீங்க. கல்ஃப் வியூன்னா கடல் தெரியும், அவ்ளோதான், நடுவுல ரோடு இருக்கலாம். ஸ்டெப்ஸ் டு தி பீச்னா எத்தனை ஸ்டெப்ஸ்னு அவங்க சொல்ல மாட்டாங்க. கல்ஃப் ஃப்ரன்ட், பீச் ஃப்ரன்ட்னு போட்டிருந்தாலும் மேப்பைத் திறந்து, பில்டிங்குக்கும் கடலுக்கும் நடுவுல ரோடு ஓடுதான்னு பாருங்க, அப்புறம் ஓனருக்கு மெசேஜ் போட்டு எந்த ஆக்சஸ் வழியா இறங்கணும்னு கேட்டுடுங்க.

அடுத்த வருஷத்துக்கு இப்பவே க்ரூப்ல ஓட்டு நடக்குது, ரெண்டு குடும்பம் வீடு, நாங்க மட்டும் காண்டோ, அந்த தோசை ராத்திரியை யாரும் மறக்கல. சரி வீடே பாருங்கப்பான்னு விட்டுட்டேன், ஆனா நடுவுல 98 வந்தா நாங்க வரலைன்னு எழுதிப் போட்டுட்டேன். இன்னும் யாரும் பதில் போடல.