தலைக்கு 900 ரூபாய்: கட்டடத் தொழிலாளர்களுக்கான ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி

பள்ளத்தூரில் ஒரு பழைய வளவு வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையை நாங்கள் எடுத்தபோது, சாரத்தில் ஏறும் ஒவ்வொருவரிடமும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் அமர்த்தியிருந்த கட்டடக் கலைஞர் நிபந்தனை விதித்தார். அதற்காக 6 கொத்தனார், 3 நிமிர்ந்தாள் (கொத்தனாருக்குக் கைகொடுக்கும் உதவியாள்), 5 சித்தாள் என 14 பேரைக் காரைக்குடிப் பக்கம் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு, தலைக்கு 900 ரூபாய் கட்டி அழைத்துச் சென்று, நானும் கடைசி வரிசையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கட்டணத்தோடு அன்றைய கூலியையும் சேர்த்தால் சிறு தொகை அல்ல. குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முற்பகல் வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டடத் தொழிலாளர்களுக்காக அப்போது நடைமுறையில் இருந்த 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தையும் 1998-ஆம் ஆண்டு விதிகளையும் திரையில் காட்டி வாசித்தார்கள். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நம் பகுதியின் பெரும்பாலான சில்லறை வேலைகள் நின்றன என்பதை யாராவது விளக்கியிருந்தால் பயனாக இருந்திருக்கும். படங்களில் வந்தவை எல்லாம் கோபுர கிரேன்களும் இரும்புக் குழாய்ச் சாரங்களும்தான். சவுக்குக் கழியையும் கயிற்றையும் கொண்டு சாரம் கட்டும் எங்கள் ஆட்களுக்கு, உளுத்த கழியை எப்படிக் கண்டுபிடிப்பது, நனைந்து காய்ந்த கயிற்றை எப்போது கழிப்பது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை.

பிற்பகல் வகுப்புக்கு வந்தவர் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். கொடுத்த பணத்துக்கு இவர் ஒருவரே ஈடு என்பது என் கருத்து. சேஃப்டி பெல்ட்டை மாட்டிக் காட்டுவதற்கு முன் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கணக்குப் போட்டார். பெல்ட்டின் இணைப்புக் கயிற்று நுனியில் உள்ள கொக்கியைக் காலடியில் மாட்டிக்கொண்டு ஒருவர் விழுந்தால், அந்தக் கயிறு 2 மீட்டர் போகும். விழும் வேகத்தைத் தாங்க அதில் மடித்துத் தைத்திருக்கும் பட்டை பிரிந்து ஏறக்குறைய 1.75 மீட்டர் வரை நீளும். கயிறு சேரும் பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், தரைக்கு மேல் 1 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஆக, கொக்கிக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல், அதாவது 20 அடிக்கும் அதிகமான வெற்றிடம் தேவை. எங்கள் வேலையிடத்தில் சாரத்தின் மேல்தட்டே 14 அடிதான். “அப்ப தரையில விழுந்த பெறகுதான் கயிறு இழுக்குமா?” என்று எங்கள் மூத்த கொத்தனார் கேட்க, “காலடியில மாட்டுனா அப்படித்தான்ணே, தலைக்கு மேல மாட்டணும், கயிறும் குட்டையா இருக்கணும்” என்று அவர் பதில் சொன்னார். இத்தனை ஆண்டுகளாகக் கைக்கு எட்டிய கழியிலெல்லாம் கொக்கியை மாட்டவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான்.

அதன் பிறகு விரும்பியவர்களை பெல்ட்டோடு தரையிலிருந்து சற்றே உயர்த்தி இரண்டு நிமிடம் தொங்கவிட்டார். தொடைப்பட்டை இறுகிக் கால் மரத்துப்போவதை அவர்களே உணர்ந்தார்கள். பெல்ட் காப்பாற்றிவிட்டாலும், தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்க ஏணியும் ஆளும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

தலைக்கவசப் பாடம் அந்த அளவுக்கு இல்லை. தலைக்கவசத்துக்கான இந்தியத் தரக் குறியான ஐஎஸ் 2925 முத்திரை, உள்பக்கத்தில் பதித்திருக்கும் தயாரிப்பு மாதம், வெயிலில் கிடந்து வெளுத்த கவசத்தைக் கழிக்க வேண்டியது ஆகியவற்றைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால், “சார், சும்மாட்டை எங்க வைக்கிறது, தொப்பிக்கு மேலயா உள்ளயா?” என்று ஒரு சித்தாள் கேட்டபோது வகுப்பே சிரித்ததே தவிர, விடை வரவில்லை. தலையில் பாண்டு (கலவைச் சட்டி) சுமக்கும் பெண்ணுக்குக் கவசம் அணியச் சொல்லும் விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்பது வேடிக்கையான கேள்வி அல்ல. சாரத்துக்குக் கீழே அதிக நேரம் நடமாடுபவர் அவர்தான். நாங்கள் பிறகு கப்பி கட்டிக் கலவையை மேலே ஏற்றத் தொடங்கினோம். வேலை சற்று மெதுவாகத்தான் நடக்கிறது.

ஈர சிமெண்ட் தோலில் ஏற்படுத்தும் புண், தரைக்கல் அறுக்கும்போது தண்ணீர் விட வேண்டிய காரணம், வாயில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது என்பது எல்லாம் பாடத்தில் இருந்தன. செட்டிநாட்டுப் பூச்சு வேலைக்கு அடிப்படையான சுண்ணாம்பு மட்டும் இல்லை. கற்சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிப்பது கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று நானே எழுந்து கேட்ட பிறகு, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றித் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார்கள்.

எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் ஏற்பட்டது சான்றிதழ் விஷயத்தில்தான். 20 கேள்விகள் கொண்ட தேர்வில், படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக விடையையே சொல்லிக் குறிக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வந்த அட்டைகளில் இரண்டில் பெயர் பிழையாக இருந்தது. எந்தெந்தப் பயிற்சி பெற்றார் என்ற விவரம் எதிலும் இல்லை. இது வெளிநாட்டு வேலைக்கும் உதவும் என்று உணவு இடைவேளையில் அலுவலகத்தார் ஒருவர் சொன்னதை நம்பி, சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்க (அங்கே வேலைக்குப் போவதற்கான திறன் தேர்வு எழுத) காத்திருக்கும் எங்கள் நிமிர்ந்தாள் ஒருவர் அட்டையை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். கட்டுமான வேலைக்குச் செல்பவர்களுக்குச் சிங்கப்பூர் தனியாகப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறது. இந்த அட்டை அதற்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டையும் இது அல்ல. அதற்கு 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இவற்றைத் தெளிவாகச் சொல்லாமல் பணம் வாங்குவது முறையல்ல.

அடுத்து கோட்டையூரில் தொடங்கும் வேலைக்கு முழுநாள் வகுப்பு வேண்டாம் என்று சொல்லி, பிற்பகல் பயிற்சியாளரை மட்டும் எங்கள் சாரத்தடிக்கே வரக் கேட்டேன், சம்மதித்தார்கள். குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும், தொங்கவிட்டுக் காட்ட உறுதியான விட்டம் ஒன்று வேண்டும், பெல்ட்டுகளை அவர்களே கொண்டுவருவார்கள். பெயர்ப் பட்டியலை ஆதார் அட்டையில் உள்ள எழுத்துப்படி எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. பிழையான அந்த இரண்டு அட்டைகளும் இன்னும் திருத்தி வரவில்லை.