பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அதன் கூலிங் சிஸ்டமும்: ஏழு வருட அனுபவம்

இரண்டே இருக்கை, முன்னால் ஆறு சிலிண்டர் இன்ஜின், பின்சக்கர இழுவை, கையால் போடும் கியர். நான் வாங்கும்போது அந்தக் காருக்கு 15 வயது, ஓடியிருந்தது 1,12,000 கிலோமீட்டர். இப்போது 22 வயது, 1,71,000 கிலோமீட்டர். இந்த இடைவெளியில் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய தேவை ஒருமுறைகூட வரவில்லை. கியர்பாக்ஸும் அப்படியே இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றதெல்லாம் கூலிங் சிஸ்டம்தான். எந்தப் பாகம் எத்தனை நாள் தாங்கியது, எது வீண்வேலை ஆயிற்று என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. என்ன கார் என்று சொல்லப் போவதில்லை. பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரேடியேட்டரோடு வந்த பழைய கார் எதுவானாலும் கதை பெரிதாக மாறாது.

வாங்கிய நான்காம் மாதம், ஒரு நீண்ட ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். பானெட் விளிம்பில் மெல்லிசாக ஆவி, கூடவே ஒரு தித்திப்பான வாடை. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது என்பதற்கு அந்த வாடையைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரம் நன்றாக ஆறவிட்டு, மேல் ஹோஸை லேசாக அசைத்தேன். ரேடியேட்டரின் கழுத்து ஹோஸோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. உடைந்த ஓரம் கறுப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது. அது கண்ணாடி இழை கலந்த நைலான். வருடக்கணக்கில் தொண்ணூறு, நூறு டிகிரி கூலன்டில் ஊறி, ஆறி, மறுபடி சூடாகி, அதிலிருந்த உயிர் போய்விட்டிருந்தது. வெளியே பார்க்க அது தெரியவே தெரியாது.

அப்போது நான் செய்த தவறு, ரேடியேட்டரை மட்டும் மாற்றியது. ஐந்து மாதத்தில் எக்ஸ்பேன்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் தரும் தொட்டி) தையல் ஓரமாக விரிந்தது. அதை மாற்றினேன். அடுத்த வருடம் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைத் திறந்து மூடும் வால்வின் உறை) முடி அளவுக்கு ஒரு விரிசல். அதையும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கூலன்டை வடித்து, நிரப்பி, காற்றை எடுத்து, ஒரு நாள் முழுக்கப் போயிற்று. மூன்றாவது முறை புலம்பியபோது, எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் சிரித்தார். "எல்லாம் ஒரே நாள்ல பிறந்ததுதானே தம்பி, ஒண்ணு மட்டும் எப்படி இளமையா இருக்கும்?"

அதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தச் சிஸ்டம் அழுத்தத்தில் வேலை செய்வது. என் காரின் டேங்க் மூடியில் 1.4 பார் என்று அச்சடித்திருக்கும். தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். அந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில் கொதிநிலை 130 டிகிரிப் பக்கம் ஏறிவிடுகிறது. எங்கோ மெல்லக் கசிந்துகொண்டிருந்தால் முழு அழுத்தம் ஏறாது, மற்ற பாகங்களும் எப்படியோ காலம் தள்ளும். கசிவை அடைத்ததும் அழுத்தம் முழுசாக ஏறி, அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. என் காரில் நடந்தது இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

டேஷ்போர்டு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் கழுத்து உடைந்த அன்று ஊசி கடைசி வரை நடுவில்தான் நின்றது. பல கார்களில் ஓட்டுநர் பதறக் கூடாது என்று, ஒரு பெரிய வெப்ப வரம்பு முழுக்க ஊசி நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அது நகரும்போது ஏற்கெனவே நேரமாகியிருக்கும். இன்னொரு ஆபத்து, கூலன்ட் மொத்தமாகப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்று குறைவாகக் காட்டக்கூடும். அதனால் காரின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி உண்மையான டிகிரியைப் பார்க்கும் பழக்கம் வந்தது. சமதளத்தில் 88 முதல் 92, நெரிசலில் 97 வரை, ஃபேன் ஓடியதும் இறங்கும். இந்த எண்கள் மனதில் இருந்தால் 103 என்று பார்த்தவுடனே கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து எழும். ஏழு வருடத்தில் இந்தக் காருக்கு நான் வாங்கியதில் உருப்படியானது எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் வருடம், ஒரே மூச்சில் மீதி எல்லாவற்றையும் மாற்றினேன்: வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களும், மூடி, சென்சாரின் ஓ-ரிங், பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லி. பெல்ட் பக்கத்து வேலையில் சொல்ல ஒன்றுமில்லை. எப்படியும் கழற்றத்தான் போகிறோம், புதிதாகப் போட்டால் போயிற்று.

பம்ப்தான் அதிர்ச்சி. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, சத்தம் இல்லை, பம்பின் சீல் போனால் கூலன்ட் சொட்டும் வீப் ஹோல் என்னும் சின்னத் துளையும் காய்ந்துதான் இருந்தது. மாற்ற வேண்டியதில்லையோ என்று பாதி மனதோடுதான் கை வைத்தேன். போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் அது அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பப் போனவன் நல்லவேளை நிறுத்தினேன். பம்பின் விளிம்பிலேயே எதிரெதிராக இரண்டு மரை வெட்டிய துளைகள் இருக்கின்றன. அதில் இரண்டு எம்6 போல்ட்டைப் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் பம்ப் கோணாமல் நேராக வெளியே வருகிறது. வந்ததைத் திருப்பிப் பார்த்தால், கூலன்டைத் தள்ளும் சக்கரமான பிளாஸ்டிக் இம்பெல்லரில் தண்டைச் சுற்றி ஒரு விரிசல். தண்டைப் பிடித்துக்கொண்டு இம்பெல்லரைச் சுழற்றினேன், அது தனியாகச் சுழன்றது. மெதுவான வேகத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறது, வேகம் கூடினால் வழுக்கியிருக்கிறது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அலுமினிய ஹெட் கோணி, ஹெட் கேஸ்கட் போய், இந்தக் கட்டுரையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

புதிதாகப் போட்டது உலோக இம்பெல்லர் வைத்த பம்ப். நான்கு வருடம், 34,000 கிலோமீட்டர், ஒரு குறையும் இல்லை. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு: பேரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால், உலோக இம்பெல்லர் எதிரே இருக்கும் அலுமினியத்தைச் செதுக்கிவிடும். ஆகவே ஆயில் மாற்றும்போதெல்லாம் பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிடுகிறேன்.

தெர்மோஸ்டாட்டில் நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். தொழிற்சாலை வைத்தது 88 டிகிரி. "குளிர்ந்தால் நல்லதுதானே" என்று 80 டிகிரியில் திறப்பதை வாங்கிப் போட்டேன். தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது மெழுகு. அது உருகி விரிந்துதான் வால்வைத் தள்ளுகிறது. குறைந்தபட்ச வெப்பத்தை மட்டுமே அதனால் காக்க முடியும். ரேடியேட்டரால் முடியாததை அது செய்துவிடாது. ஏற்றத்திலும் நெரிசலிலும் உச்ச வெப்பம் முன்பு போலவேதான் இருந்தது. நெடுஞ்சாலையில் மட்டும் இன்ஜின் 81, 82 என்று சோம்பிக் கிடந்தது, ஹீட்டர் சூடும் குறைந்தது, பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடித்தது போலவும் பட்டது. எட்டு மாதத்தில் பழையபடி 88-க்கே வந்துவிட்டேன்.

முழு அலுமினிய ரேடியேட்டர் ஆசையும் ஒருமுறை வந்தது. கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி நிற்கும் உறை) சரியாக உட்காரவில்லை, பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி. ஷ்ரவுட் விலகி நின்றால் ஃபேன் பக்கத்து இடைவெளிகளிலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும், ரேடியேட்டர் வழியாகப் போவது குறைந்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் டேங்க் வைத்ததே போதும், அதற்கும் ஆயுள் உண்டு என்று ஏற்றுக்கொண்டால்.

ஹோஸ் வெளியே பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். இவை உள்ளிருந்துதான் கெடுகின்றன, பெரும்பாலும் முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளாம்ப் ஓரத்தில் விரலால் பிதுக்கினால், நடுப்பகுதியைவிட அங்கே தொளதொளவென்று இருப்பது தெரியும். கிளாம்ப் விஷயத்திலும் ஒரு பாடம் படித்தேன். காரோடு வந்த ஸ்பிரிங் கிளாம்ப்களைத் தூக்கிப்போட்டு, திருகும் கிளாம்ப்களை வலுவாக முறுக்கினேன். முதல் மழைக்காலக் காலையிலேயே கீழ் ஹோஸில் ஈரம். ரப்பர் காலப்போக்கில் அமுங்குகிறது, ஸ்பிரிங் அதைப் பின்தொடர்ந்து இறுகும், திருகு முறுக்கிய இடத்திலேயே நிற்கும். குப்பையிலிருந்து பழைய ஸ்பிரிங் கிளாம்ப்களைத் தேடி எடுத்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிரப்பும் வேலையில் அவசரப்பட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் அது ஹெட்டில் போய் உட்கார்ந்து, அங்கே மட்டும் கொதிக்கும். காரின் மூக்கைச் சற்று மேலே தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் திருகான பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, சின்னச் சின்னதாக ஊற்ற வேண்டும். முதலில் குபுக் குபுக்கென்று நுரை வரும். அப்புறம் குமிழி குறைந்து, கடைசியில் அறுபடாத ஒரு இழையாக கூலன்ட் வழியும். அதுவரை மூடக் கூடாது. எனக்கு இதற்கு நாற்பது நிமிடம் ஆகிறது. மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவு சற்று இறங்கியிருக்கும், அப்போது இன்னொரு முறை. அந்த பிளீட் ஸ்க்ரூவும் பிளாஸ்டிக்தான், முதல் தடவையே தலை உடைந்தது. பித்தளையில் ஒன்று போட்டேன். அதை ஆர்வத்தில் இறுக்கினால் டேங்கின் மரை போய்விடும் என்பதால் விரல் நுனியால் மட்டும் திருகுகிறேன்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் வெறும் சாயம், அதற்குப் பொதுவான விதி கிடையாது. காரின் கையேட்டில் சொன்ன வகை எது என்று பார்த்து, டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வடித்ததைத் திறந்த தட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்தத் தித்திப்புக்கு நாயோ பூனையோ நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

இந்தப் பட்டியலில் நான் மறந்த பாகம் ஒன்று உண்டு, ஃபேனின் விஸ்கஸ் கிளட்ச். சூடேறும்போது உள்ளே உள்ள எண்ணெயால் ஃபேனை இன்ஜினோடு இறுக்கிச் சுழற்றுவது அதுதான். ஐந்தாம் வருடம், நகர்ந்துகொண்டிருக்கும்போது 90, நின்றால் 104. ஓடும்போது சரியாக இருந்து நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்று போதவில்லை என்று பொருள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, ஃபேன் இறக்கையைக் கையால் தள்ளினேன். நல்ல கிளட்ச் சூட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டும். இது எந்தத் தடையும் இல்லாமல் மூன்று சுற்று சுற்றியது. உள்ளே இருந்த சிலிக்கோன் எண்ணெய் கசிந்து, முன்பக்கம் தூசி படிந்த பிசுக்காக இருந்தது. இரண்டு வருடமாக அதைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல்.

இன்றைய நிலவரம்: ரேடியேட்டருக்கு ஆறரை வயது, கழுத்தின் கறுப்பு இன்னும் மாறவில்லை. பம்ப், ஹோஸ்கள் நலம். டேங்க் மூடி மட்டும் இரண்டாவது முறையாக மாறியது, ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டது. போன வாரம் சென்சாருக்குக் கீழே நீலமாக ஒரு காய்ந்த கோடு பார்த்தேன், நெல்மணி நீளம்தான். துடைத்துவிட்டு, பக்கத்தில் சுண்ணக்கட்டியால் தேதியை எழுதி வைத்திருக்கிறேன். ஓ-ரிங் மேஜை டிராயரில் தயாராக இருக்கிறது.