ராட்டைக் கைக்குட்டையா, பிலடெல்பியாக் கைக்குட்டையா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் நுழைபவர்கள் பித்தளை, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்றுதான் தேடுகிறார்கள். துணி கேட்டால், "அது அடியில கிடக்கும்ணே, நீங்களே கிளறிப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். அப்படிக் கிளறியதில் கிடைத்ததுதான் என் முதல் சுதந்திரக் கைக்குட்டை, அதாவது நாட்டு விடுதலையை நினைத்து அச்சடித்த துணி. நடுவில் காந்தி, நான்கு மூலையிலும் கொடி. பிறகு இணைய ஏலத்தில் அமெரிக்கக் குட்டைகளைப் பார்த்துச் சபலப்பட்டு அதிலும் ஒன்று வாங்கினேன். இப்போது இரண்டும் ஒரே பீரோவில் இருக்கின்றன.

அமெரிக்கக் குட்டையின் பெரிய வசதி, வயதைத் துணியே சொல்லிவிடும். சுதந்திரப் பிரகடனத்தின் நூறாவது ஆண்டுக்காக 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியை ஒட்டி வந்தவை இவை. கண்காட்சிக் கட்டடம், வாஷிங்டன் முகம், '1776–1876' என்ற எழுத்து எல்லாம் இருக்கும். அருங்காட்சியகங்களிலும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் 1976-ல் இருநூறாவது ஆண்டு வந்தபோது பழைய பாணியிலேயே நினைவுப் பொருள்களை அடித்துத் தள்ளினார்கள். படத்தை மட்டும் நம்பிக் காசு அனுப்பினால் போச்சு. ஓரத் தையலையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் பிரிந்த ஒரு நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாக உறையும். ஆனால் அது கைக்கு வந்த பிறகுதானே!

நம்மூர்க் குட்டையில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. கொடியைத்தான் படிக்க வேண்டும். 1931-ல் காங்கிரஸ் ஏற்ற காவி, வெள்ளை, பச்சைக் கொடியின் நடுவில் ராட்டை. 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபை அந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரத்தை வைத்தது. ஆகவே சக்கரம் இருந்தால் அந்தத் தேதிக்குப் பிந்தியது. ராட்டை இருந்தால் முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் கட்சிக் கொடியில் ராட்டை தொடர்ந்தது. கூடவே காங்கிரசின் பழைய தேர்தல் சின்னமான இரட்டைக் காளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது பின்னால் வந்த தேர்தல் துணி. நான் ஒருமுறை அதைச் சுதந்திரத் துணி என்று நினைத்து வாங்கி ஏமாந்தேன். கடைக்காரர் மேல் தப்பில்லை, அவர் துணி என்றுதான் விற்றார்.

இன்றைய சட்டப்படி தேசியக் கொடியைக் கைக்குட்டையில் அச்சிடுவது குற்றம் என்பதால் இந்த வகை இனி முறையாக வர வழியில்லை. அன்று வந்ததையும் யாரும் பத்திரப்படுத்தவில்லை. அப்பத்தாவிடம் காட்டினேன். "இதுலதானப்பா வெத்தலை முடிஞ்சு வச்சிருந்தோம், இதுக்கா காசு குடுத்தே?" என்றார். மஞ்சள் கறையோடு கிடைப்பதற்குக் காரணம் புரிந்தது. கறையை நான் துவைப்பதில்லை, அந்தக் காலச் சாயம் எப்போது ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

கானா 1957-ல் விடுதலை பெற்றபோது வந்த, அந்நாட்டுத் தலைவர் நிக்ருமாவின் முகம் போட்ட துணிகளும் அழகுதான். அவை கெஜக்கணக்கில் உடுத்த வந்தவை, என் பீரோ தாங்காது.

பாதுகாப்பில் அமெரிக்கக் குட்டைதான் கூடுதல் தொல்லை. பழைய அச்சில் கருப்புக்கும் பழுப்புக்கும் இரும்பு உப்பு சேர்ப்பார்கள். அது நாளடைவில் நூலையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடம் ஓட்டையாகும். இரண்டையுமே மடிக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து உருட்டி வைக்கிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் மாட்ட ஆசைதான், ஆனால் முற்றத்து வெயில் சாயத்தை வெளுத்துவிடும்.

பணம் இருந்து, கையில் ஆதாரமும் வேண்டும் என்றால் 1876. நான் அடுத்து வாங்கப்போவது ராட்டைதான், அதுவும் வெற்றிலைக் கறையோடு.