டோக்கியோவைச் சுற்றிக்காட்டும் மூன்று நாள் சேவை: ஐந்துக்கு மூன்று

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒன்பது வருடமாக வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நிரந்தரவாசத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் கணவரின் அலுவலகம் "டோக்கியோ கிளைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டது. யோசிக்க ஒரு மாதம் கொடுத்தார்கள். முடிவு சொல்வதற்கு முன் நேரில் பார்த்துவிட்டு வரட்டும் என்று மூன்று நாள் பயணமும் ஏற்பாடு செய்தார்கள். ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு ஓர் இடமாற்ற நிறுவனத்திடம். இது அந்தச் சேவை பற்றிய என் அனுபவம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்திலிருந்து எங்களுடன் வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கைப்பையில் எப்போதும் ஒரு அளவு நாடா. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்போம். அவர் வாஷிங் மெஷின் வைக்கிற தட்டை அளப்பார், பிறகு லிப்ட் கதவை அளப்பார். "உங்கள் கட்டில் எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அன்றிரவே அத்தைக்குப் போன் போட்டு அளக்கச் சொன்னோம். (அத்தை என்றால் என் மாமியார். ஊரிலிருந்து வந்திருந்த அவர்தான் பையனைப் பார்த்துக்கொண்டார்.) முழங்கால் வலியை வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து அளந்தார், பாவம்.

கிரைண்டர் விஷயத்தையும் அந்த அம்மாதான் கிளப்பினார். "சமையலறைச் சாதனம் என்னென்ன கொண்டுவருவீர்கள்?" என்று கேட்டார். மாவரைக்கிற கிரைண்டர், மிக்சி என்றேன். போனில் படத்தைக் காட்டினேன். அடியில் ஒட்டியிருந்த 230 வோல்ட் என்ற எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஜப்பானில் 100 வோல்ட்தான். மின்னழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும், மிக்சிக்கு ஏற்ற அளவில் வாங்கினால் அதுவே ஒரு குட்டி அம்மிக்கல் கனம் இருக்கும். மின்சாரத்தின் அதிர்வெண் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரியும். ஒரே நாட்டுக்குள் இரண்டு விதம்! அந்தக் காலத்தில் டோக்கியோவுக்கு ஜெர்மன் மின் உற்பத்தி இயந்திரம் வாங்கினார்களாம், ஒசாகாவுக்கு அமெரிக்க இயந்திரம். இன்றுவரை அப்படியே ஓடுகிறது.

அப்புறம் குறை. முக்கியமான குறை வீடு.

மொத்தம் ஏழு வீடுகள் காட்டினார்கள். ஏழும் தரகர் வழியாக வருகிற தனியார் வீடுகள். எங்களுக்குப் பிடித்தது நிஷி-கசாயில் ஒன்று, வாடகை 1,85,000 யென். இந்தியக் குடும்பங்கள் அதிகம் இருக்கிற பகுதி அது. சரி என்று கணக்குக் கேட்டோம். ஷிகிகின் என்ற முன்பணம் ஒரு மாதம். ரெய்கின் என்று வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நன்றிப் பணம் ஒரு மாதம், இது திரும்பி வராது. தரகு ஒரு மாதமும் அதற்கு வரியும். வாடகைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதம். முதல் மாத வாடகை தனி. கூட்டினால் சுமார் எட்டரை லட்சம் யென். அலுவலகம் தருவது விமானச் சீட்டும் சாமான் அனுப்பும் செலவும் மட்டும்.

இரண்டாம் நாள் மாலை நிஷி-கசாய் ஸ்டேஷன் வாசலில் ஒரு தமிழ்ப் பெண் என்னைப் பார்த்துத் தானாகவே பேச்சுக் கொடுத்தார். "வீடு பார்க்க வந்தீங்களா? யூ.ஆர். பார்த்தாச்சா?" நான் விழித்தேன். யூ.ஆர். என்பது அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்பு. அங்கே ரெய்கின் கிடையாது, தரகு கிடையாது, உத்தரவாதம் கொடுக்க ஆள் தேவையில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. இரண்டு மாத முன்பணம் கொடுத்து, வருமானத்தைக் காட்டினால் போதும். அதே வாடகைக்குப் பார்த்தால் திரும்பி வராத செலவில் ஏறக்குறைய 4,80,000 யென் மிச்சம். மறுநாள் காலை கேட்டபோது அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கள் பட்டியலில் அது இல்லை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பட்டியல் போட்டவர்கள் மேல்தான்.

இரண்டாவது குறை, கையில் கொடுத்த பளபளப்பான ஒப்பீட்டு அட்டவணை. சிங்கப்பூரில் கையில் வருவது இவ்வளவு, டோக்கியோவில் இவ்வளவு என்று இரண்டு கட்டம். டோக்கியோ கட்டம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. என் கணவருக்குத்தான் சந்தேகம் வந்தது. ஜப்பானில் குடியிருப்பு வரி என்று ஒன்று உண்டு, முந்தைய வருட வருமானத்தில் சுமார் 10 சதவீதம். புதிதாக வருகிறவருக்கு முதல் வருடம் அது வராது, அடுத்த வருடம் ஜூனிலிருந்து பிடிக்க ஆரம்பிப்பார்கள். அட்டவணையில் இருந்தது முதல் வருடக் கணக்கு மட்டும். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது வரித் தீர்வு முடியும்வரை அலுவலகம் சம்பளப் பாக்கியைப் பிடித்து வைக்கும் என்பதும் அதில் இல்லை. வீட்டு முன்பணம் கட்ட வேண்டிய அதே மாதத்தில்தான் சம்பளமும் கைக்கு வராது.

விசா பற்றிய அரை மணி நேரம் மட்டும் தங்கம். ஜப்பானின் உயர்திறன் பணியாளர் விசாவுக்கான புள்ளி முறையை ஒரு தாளில் போட்டுக் காட்டினார்கள். என் கணவருக்குப் பட்டப்படிப்பு 10, பத்து வருட அனுபவம் 20, ஒரு கோடி யென் ஆண்டுச் சம்பளம் 40, வயது 38 என்பதால் 5. ஆக 75. எழுபது இருந்தால் மூன்று வருடத்தில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம், எண்பது இருந்தால் ஒரே வருடத்தில். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 என்ற நிலை தேறினால் 10 புள்ளி. ஆனால் 40 வயதானால் அந்த 5 போய்விடும், இவர் ஹிராகானா என்ற அடிப்படை எழுத்து அளவைத் தாண்டியதில்லை. இங்கே எதனால் மறுக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்துவிட்டு, அங்கே கூட்டல் கணக்கில் பதிலைப் பார்த்தது ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது.

அத்தை விஷயம்தான் இரண்டு ஊரிலும் சிக்கல். இங்கே பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி வாங்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும். அங்கே இந்த விசாவில் பெற்றோரை அழைக்கலாம், ஆனால் ஏழு வயதுக்குள் பிள்ளை இருக்க வேண்டும் அல்லது கர்ப்பமாக இருக்க வேண்டும். எங்கள் பையனுக்குப் பத்து.

பையன் இப்போது தொடக்கநிலை 4. பள்ளியில் தமிழ் பாடம், ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்து, இதெல்லாம் அவனுக்குச் சாதாரணம். டோக்கியோவில் அது வீட்டுக்குள் சுருங்கிவிடும். நிறுவனத்தின் பள்ளிப் பட்டியலில் கட்டணமும் தூரமும் இருந்தன, மொழி என்று ஒரு வரி இல்லை. ஆனால் அந்த அம்மா ஒன்று சொன்னார்: "ஆகஸ்டில் வராதீர்கள். இங்கே பள்ளி ஏப்ரலில் தொடங்கும். பையன் நடுவில் நுழைந்து திணறுவான்." அவர்களுக்கு நாங்கள் சீக்கிரம் வந்தால்தான் லாபம். அப்படியும் சொன்னார்.

இந்தச் சேவை உங்களுக்குக் கிடைத்தால் காலை எட்டு மணிக்கு டோசாய் ரயில் தடத்தில் ஒரு முறை ஏற்றிவிடச் சொல்லுங்கள். அவர்களின் நிகழ்ச்சி நிரல் பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும், அப்போது ரயில் காலியாக இருக்கும். நாங்கள் பிடிவாதமாகக் கேட்டு, கடைசி நாள் நிஷி-கசாயிலிருந்து ஓத்தேமாச்சி வரை ஏழு நிறுத்தம் நின்றுகொண்டே போனோம். இரண்டாவது நிறுத்தத்துக்கு மேல் என் கைப்பை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெண்களுக்கு மட்டுமான பெட்டி உண்டு என்பதை இறங்கிய பிறகு சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் கருத்துப் படிவம் வந்தது. உடன் வந்தவருக்கு ஐந்து, விசா விளக்கத்துக்கு ஐந்து, வீட்டுக்கு இரண்டு, அட்டவணைக்கு ஒன்று போட்டேன். யூ.ஆர். பற்றி நான்கு வரி எழுதினேன், பதில் வரவில்லை. அலுவலகத்திடம் இடமாற்றத்தை மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.