பேஜ்மேக்கரில் இருந்து பிளாக் எடிட்டருக்கு: ஆறு வருடம் பக்கம் போட்ட அனுபவம்

நான் வெப் டிசைனர் இல்லை. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டராக 11 வருடம் உட்கார்ந்தவன். டெமி 1/8 என்ற புத்தக அளவுக்குப் பக்கத்தை அமைத்து, மேட்டரை ஓடவிட்டு, 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்குப் பார்த்து, புரூஃப் திருத்தம் போட்டு அனுப்புவதுதான் வேலை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. வெப்சைட்டில் நான் செய்த தப்புகளில் பாதிக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்து கொண்டுவந்தவை.

எங்கள் அச்சகத்தில் ஒரு காலாண்டிதழ் அச்சாகும். 2017-ல் அதன் ஆசிரியர் இணையத்திலும் வரவேண்டும் என்று முடிவு செய்தார். "நீதானப்பா பக்கம் போடுற, இதையும் நீயே போட்டுரு" என்றார். தலையாட்டிவிட்டேன்.

வெப்சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவினோம். அப்போது எனக்குக் கிடைத்தது ஒரு பேஜ் பில்டர் பிளகின், அதாவது பக்கம் கட்டுவதற்காக வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள். பெயர் வேண்டாம். பிடித்து இழுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், படத்தின் மேல் எழுத்தை ஏற்றலாம், ஓரத்தைப் பிக்சல் கணக்கில் தள்ளலாம். எனக்கு, அச்சகத்தில் பக்கம் போடும் மென்பொருளான பேஜ்மேக்கரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தனி லே-அவுட். கவிதைக்கு மூன்று நெடுவரிசை, நேர்காணலுக்குக் கறுப்புப் பின்னணி. இரண்டு வருடத்தில் 140 பக்கம் போட்டேன்.

பிறகு அந்த பிளகினுக்கு ஆண்டுச் சந்தா கட்ட விட்டுப்போனது. அப்டேட் நின்றது. தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் பதிப்பை மாற்றியதும் தளம் வெள்ளைத் தாளாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பிளகினை அணைத்தேன். தளம் வந்தது, ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னாலும் நடுவிலும் சதுர அடைப்புக்குறிக்குள் ஷார்ட்கோடு குப்பை, அதாவது அந்த பிளகினுக்கு மட்டும் புரியும் கட்டளைகள். வரிசை திறப்பு, நெடுவரிசை திறப்பு, அகலம், நிறம், நெடுவரிசை மூடல், வரிசை மூடல். அதற்கு இடையில் எங்கோ ஒரு சிறுகதை.

பத்தி, படம், தலைப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக (பிளாக்) அடுக்கும் வேர்ட்பிரஸின் சொந்த எடிட்டர்தான் பிளாக் எடிட்டர். அதற்கு நான் வந்தது இப்படித்தான், ஆசைப்பட்டு அல்ல.

2018 டிசம்பர் 6 அன்று வெளியான வேர்ட்பிரஸ் 5.0-ல் இந்த எடிட்டர் வந்தது. அச்சுக்கலையின் குட்டன்பெர்க் பெயரைத்தான் இந்தத் திட்டத்துக்கு வைத்திருந்தார்கள். அச்சகத்துக்காரன் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் அந்த நாட்களில் பெரும்பாலானோருக்கு எரிச்சல்தான். பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக்கொண்டு ஒதுங்கியவர்கள் ஏராளம். இன்றும் அதிலேயே இருப்பவர்கள் உண்டு. நானும் சில மாதம் அப்படி இருந்தேன்.

மனம் மாறியது ஒரு சின்ன விஷயத்தால். பிளாக் எடிட்டரில் எழுதிய பக்கத்தை, அதன் உள்ளே இருக்கும் கோடைக் காட்டும் கோடு எடிட்டரில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பத்தியும் சாதாரண எச்டிஎம்எல். அதன் முன்னும் பின்னும் 'இது பத்தி', 'இது படம்' என்று குறிக்கும் ஒரு கமென்ட் வரி, அவ்வளவுதான். பிரவுசர் அந்தக் கமென்டைக் காட்டுவதில்லை. நாளைக்கே இந்த எடிட்டர் இல்லாமல் போனாலும் கதை கதையாகவே இருக்கும். ஷார்ட்கோடில் சூடு பட்டவனுக்கு அது போதும்.

சரி, லே-அவுட்டுக்கு வருவோம்.

முதல் வருடம் நான் எல்லாவற்றையும், பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரிக்கும் காலம்ஸ் பிளாக்கில் போட்டேன். இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து. அடுத்த வரிசையில் எழுத்து இடது, படம் வலது. கம்ப்யூட்டரில் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். போனில் பார்த்தால் படம், எழுத்து, எழுத்து, படம், படம், எழுத்து என்று வரும். திரை சுமார் 780 பிக்சலுக்குக் கீழே போனால் நெடுவரிசைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும், அதுவும் நாம் வைத்த வரிசையிலேயே. எந்த எழுத்து எந்தப் படத்துக்கு என்று வாசகருக்குப் புரியாது. இதற்கென்றே மீடியா அண்ட் டெக்ஸ்ட் என்று ஒரு பிளாக் இருக்கிறது. படத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் போனில் படம் மேலே, எழுத்து கீழே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. எங்கள் வாசகர்களில் ஏறக்குறைய எல்லோரும் போனில்தான் படிக்கிறார்கள் என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது.

அடுத்தது வெற்றிடம் விடும் ஸ்பேசர் பிளாக். டி.டி.பி.யில் சோம்பேறி ஆபரேட்டர் இடைவெளிக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போவான். ஸ்பேசர் பிளாக் அந்த என்டரின் மறுபிறவி. போட்டதும் 100 பிக்சல் உயரத்தில் வந்து உட்காரும். கம்ப்யூட்டரில் அளவாக இருக்கும் அந்த இடம், போனில் 'கட்டுரை முடிந்துவிட்டதோ' என்று நினைக்க வைக்கும். ஒரு கட்டுரையில் ஒன்பது ஸ்பேசர் வைத்திருந்தேன். இப்போது ஒன்றுகூட வைப்பதில்லை. பிளாக்குகளுக்கு நடுவே எவ்வளவு இடம் என்பதை ஸ்டைல்ஸ் பகுதியில் ஒரே இடத்தில் சொல்லிவிட்டேன்.

இந்த ஸ்டைல்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பேஜ்மேக்கர் தெரிந்தவர்களுக்கு ஸ்டைல்ஸ் பேலட் ஞாபகம் இருக்கும். உபதலைப்பு என்று ஒரு ஸ்டைல் வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்க அதையே கொடுத்தால், "உபதலைப்பு ஒரு பாயின்ட் குறையட்டும்" என்று கடைசி நிமிடத்தில் ஆசிரியர் சொன்னாலும் ஒரே இடத்தில் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஒவ்வொன்றையும் கையால் தேர்வு செய்து அளவு மாற்றியவன் இரவெல்லாம் உட்காரவேண்டும். அச்சகத்தில் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அதே நான், வெப்சைட்டில் நாலு வருடம் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகத் தேர்வு செய்து நிறம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கப் பட்டையில் நிறமும் அளவும் இடைவெளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கை சும்மா இருப்பதில்லை.

தளத்துக்குத் தோற்றம் தரும் தொகுப்புக்கு தீம் என்று பெயர். அதன் அமைப்புகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் தீம்.ஜேசன் என்ற கோப்பு 2021-ல் வேர்ட்பிரஸ் 5.8 பதிப்போடு வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 5.9-ல் தளம் முழுவதையும் பிளாக்குகளால் கட்டும் வசதியும் வந்தது. நான் அந்தப் பக்கம் போனது 2023-ல்தான். தலைப்பு எழுத்துரு, பத்தியின் அகலம், இணைப்பின் நிறம் எல்லாம் ஒரே இடத்தில். மாற்றினால் தளம் முழுக்க மாறும், நான் கையால் தடவிய பக்கங்களைத் தவிர. அவை மட்டும் பழைய பழுப்பு நிறத்திலேயே அடம்பிடித்து நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து நிறத்தை நீக்க இரண்டு மாதம் போனது.

தமிழுக்கென்று சில தொல்லைகள் தனி. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீம்களில் தலைப்புக்கு வரி உயரம் 1.1, 1.2 என்று இறுக்கமாக இருக்கும். நம் எழுத்துக்கு மேல்விலங்கும் உண்டு, கீழ்விலங்கும் உண்டு. இரண்டு வரித் தலைப்பு வந்தால் மேல்வரியின் 'மூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். ஆசிரியர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தலைப்பு ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுது?" என்றார். தலைப்புக்கு 1.45, பத்திக்கு 1.8 என்று வைத்த பிறகு சண்டை நின்றது. எழுத்துரு மாற்றினால் இந்த எண்களையும் மாற்றவேண்டியிருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழுக்குச் சரியாக இருப்பது முக்தா மலருக்குச் சரியாக இருக்காது.

எழுத்துரு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 ஏப்ரலில் வந்த 6.5-ல் ஃபான்ட் லைப்ரரி சேர்த்தார்கள். அதற்கு முன் ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்க்க பிளகின் வேண்டும், அல்லது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோடு எழுதத் தெரியவேண்டும். இப்போது கூகுள் ஃபான்ட்ஸ் பட்டியலில் தேர்வு செய்தால் நம் தளத்திலேயே இறங்கிவிடுகிறது. ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வசதிகளில் இதை முதலில் வைப்பேன். சாய்வெழுத்தை மட்டும் தவிர்க்கிறேன். சாய்வுக்கென்று தனியாக வரைந்த தமிழ் எழுத்துரு அபூர்வம் என்பதால், பிரவுசரே எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். காற்றடித்த பந்தல் மாதிரி நிற்கும்.

இருபுறமும் சீராக நிறுத்தும் ஜஸ்டிஃபை பொத்தான் பத்தி பிளாக்கில் இல்லை. ஆசிரியருக்கு அது பெரிய குறை. நாற்பது வருடம் அச்சில் பார்த்த கண் அல்லவா. சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்து வைத்துக் கொடுத்தேன். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் கொள்ளும், அதில் ஒன்று 'எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்றால் மிச்ச இரண்டு சொல்லும் பல் போன வாய் மாதிரி விலகி நிற்கும். அவரே ஒரு வாரத்தில், "எடுத்துடுப்பா" என்றார்.

கவிதைக்கு வெர்ஸ் பிளாக். வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறியும், தொடக்கத்தில் விட்ட இடம் அப்படியே நிற்கும். பழைய தீமில் கவிதை மட்டும் வேறு எழுத்துருவில் வந்து அசிங்கமாக இருந்தது. ஸ்டைல்ஸில் அந்த பிளாக்குக்கு மட்டும் எழுத்துருவைச் சொன்னதும் சரியானது.

லே-அவுட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தலைப்பை அப்படியே பக்க முகவரியாக விடாதீர்கள். ஒரு தமிழ்க் குறியீடு முகவரிக்குள் 9 எழுத்தாக விரியும்; வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கும் இடமோ 200 எழுத்து. இருபத்திரண்டு குறியீட்டோடு தலைப்பு அறுந்துபோகும். விலங்கும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் இரண்டு மூன்று சொல்லிலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் இதழில் கட்டுரை ஏற்றுவது நான் மட்டுமல்ல. துணையாசிரியராக ஓர் அக்கா இருக்கிறார். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் சந்தா விவரப் பெட்டி ஒன்று வரும். அதை ஸிங்க்ட் பேட்டர்னாக, அதாவது ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறும் தொகுப்பாக வைத்திருந்தேன். முன்பு ரீயூசபிள் பிளாக் என்று இருந்ததுதான் 6.3-ல் பெயர் மாறியது. ஒரு மூத்த எழுத்தாளர் காலமான அன்று, அவருடைய கட்டுரையின் கீழே இரண்டு வரி சேர்க்க நினைத்து, அக்கா அந்தப் பெட்டிக்குள்ளேயே எழுதிச் சேமித்துவிட்டார். தளத்தில் இருந்த எல்லாக் கட்டுரைகளின் கீழும், சமையல் குறிப்புக்கும் சிறுவர் கதைக்கும் சேர்த்து, "கண்ணீர் அஞ்சலி. ஆண்டுச் சந்தா ரூ.400" என்று நின்றது. மறுநாள் காலை வாசகர் ஒருவர் போன் செய்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. "நான் அந்த ஒரு பக்கத்துலதானே தம்பி போட்டேன்" என்று அக்கா குழம்பிப்போனார். அவர் மேல் தப்பில்லை. சேமிக்கும்போது எடிட்டர் ஓர் எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. ஆனால் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? 6.6-ல் இருந்து பேட்டர்னுக்குள் குறிப்பிட்ட இடத்தை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம். நான் அதையும் நம்பவில்லை. பெட்டியைத் தூக்கி, எல்லாக் கட்டுரைப் பக்கங்களுக்கும் பொதுவான சட்டமான டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிட்டேன். கட்டுரை எழுதுகிறவர் கையில் அது இப்போது படாது.

டெம்ப்ளேட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. தளத்தின் பொதுச் சட்டங்களை மாற்றும் சைட் எடிட்டரில் டெம்ப்ளேட்டை ஒரு முறை மாற்றிச் சேமித்தால், அந்தப் பிரதி டேட்டாபேஸுக்குள் போய்விடும். பிறகு தீம் கோப்பில் என்ன திருத்தினாலும் தளம் திரும்பிப் பார்க்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பக்கத்தின் அடிப்பகுதியை (ஃபுட்டர்) கோப்பில் மாற்றி, சேமித்துவைத்த பழைய பிரதிகளை (கேஷ்) அழித்து, பிரவுசர் மாற்றி, ஹோஸ்டிங்காரருக்குப் போன் போட்டு, கடைசியில் டெம்ப்ளேட்டை ரீசெட் செய்ததும் எல்லாம் சரியாக வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொரு குறை, 'போனில் மட்டும் இந்த அளவு' என்று சொல்லும் திருகாணிக்கு நான் பல வருடம் ஏங்கினேன். பேஜ் பில்டரில் அது கைவசம் இருந்தது. பிளாக் எடிட்டரின் பதில், திரைக்கேற்ப எழுத்து தானாக வளர்ந்து சுருங்கட்டும் என்பது. தீமில் குறைந்தபட்ச அளவும் அதிகபட்ச அளவும் சொல்லிவிட்டால் நடுவில் அதுவே பார்த்துக்கொள்ளும். பிடிவாதத்தை விட்ட பிறகு எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். விளம்பரப் பக்கம், கடைப் பக்கம் என்று கண்ணைப் பறிக்கும் வேலை செய்பவர்கள் பில்டரிலேயே இருப்பது நியாயம்தான். சந்தா மட்டும் மறக்காமல் கட்டவேண்டும்.

இதுபோன்ற இதழுக்கு, பள்ளிக்கு, நூலகத்துக்குத் தளம் நடத்துபவர் என்னைக் கேட்டால் பிளாக் எடிட்டரும் வேர்ட்பிரஸோடு வரும் தீம் ஒன்றும் போதும் என்பேன். எந்த பிளாக்குக்குள் எது இருக்கிறது என்று காட்டும் லிஸ்ட் வியூவைத் திறந்துவைத்தே வேலை செய்யச் சொல்வேன். குரூப்புக்குள் குரூப், அதற்குள் காலம்ஸ் என்று மூன்று படிக்கு மேல் இறங்கினால் எதையோ தேவையில்லாமல் செய்கிறோம் என்று அர்த்தம். என் கட்டுரைப் பக்கங்களில் இப்போது காலம்ஸே கிடையாது. தலைப்பு, படம், பத்தி, மேற்கோள்.

பழைய 140 பக்கத்தில் 31 இன்னும் பாக்கி. ஞாயிறுதோறும் இரண்டு திறந்து, ஷார்ட்கோடைக் களைந்து, கதையை மீட்டு எடுக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. 2017-ல் போட்ட முதல் இதழின் முகப்பு அது. படத்தின் மேல் படம், அதன் மேல் சாய்ந்த தலைப்பு, ஓரத்தில் செங்குத்தாக இதழின் பெயர். இரண்டு இரவு கண் விழித்துச் செய்தது. பிளாக்கில் அதே மாதிரி வைக்கப் பலமுறை முயன்றேன், வரவில்லை. கடைசியில் பழைய பேக்கப்பை லேப்டாப்பில் ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரே படமாக அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதில் உள்ள தலைப்புகளைத் தட்டினால் எங்கேயும் போகாது. இதுவரை யாரும் கேட்கவில்லை.