வயதா, மரபணுவா? ஏ.எம்.எல். நோயின் போக்கை எது சொல்லும்?

ஏ.எம்.எல். எனும் தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயசுல தாங்குவாரா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் டானோரூபிசின் என்ற '7+3' சிகிச்சை உடம்பை உலுக்கிவிடும். இதயமோ சிறுநீரகமோ ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இன்னும் சிரமம்.

ஆனால் வயது சொல்வது பெரும்பாலும் உடம்பு தாங்குமா என்பதைத்தான். நோய் மருந்துக்குப் பணியுமா என்பதைப் புற்றணுவின் மரபணுதான் காட்டும். 8, 21-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் ஓரளவு நல்ல செய்தி. என்.பி.எம்.1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்து, எஃப்.எல்.டி.3 மரபணுவின் ஒரு பகுதி இரட்டிப்பாகும் 'எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி.' மாற்றம் இல்லாவிட்டால், அதுவும் நல்ல செய்திதான். புற்றைத் தடுக்கும் டி.பி.53 மரபணு பழுதாகியிருந்தாலோ, முப்பது வயதுக்காரருக்கும் நிலைமை மோசம். எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி. மட்டும் இருப்பவர்களை ரத்தப் புற்றுநோய் நிபுணர்களின் அமைப்பான ஐரோப்பிய லுகேமியாநெட் 2022-இல் நடுத்தர ஆபத்துப் பிரிவில் வைத்தது. எஃப்.எல்.டி.3-ஐத் தடுக்கும் மிடோஸ்டாரின் மருந்தின் வருகையும் அதற்கு ஒரு காரணம்.

சரி, இரண்டையும் முழுசாகப் பிரிக்க முடியுமா? முடியாது. வயது ஏற ஏற மோசமான மரபணு மாற்றங்களும் கூடுகின்றன. இருந்தாலும் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால், நான் மரபணு அறிக்கையைத்தான் கேட்பேன். வயதின் தடையை மருந்து கொஞ்சம் தளர்த்திவிட்டது: கடும் சிகிச்சை தாங்காதவர்களிடம் நடந்த 2020 ஆய்வில், அசாசிடிடின் மருந்தோடு வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்தையும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமானது. டி.பி.53 பழுதுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.