மெசிக்கு வாங்கின ஹீற்றர்

உருளைக்கிழங்குத் தறைக்கு விடியவே உழவு கேட்டு ஆள் வருகிற காலம் மார்கழி. போன மார்கழியில், கோயில் மணி கேட்கிற நேரத்தில் எங்கள் உழவு மெசின், மெசி பேர்குசன் 240, அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துச் சுற்றும், கொஞ்சம் வெள்ளைப்புகை கக்கும், அவ்வளவுதான். வெயில் ஏறினபிறகு ஒருமாதிரி எடுக்கும். அதற்குள் கேட்டு வந்தவர் வேறு மெசினைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

டவுனில் பாட்ஸ் கடையில் சொன்னேன். கடைத் தம்பி யோசிக்கவே இல்லை. "அண்ணை, குளிருக்குத்தான் எடுக்குதில்லை. இன்டேக் ஹீற்றர் போயிருக்கும், மாத்திப் பாருங்கோ." 4500 ரூபா. கூடவே ஸ்ராட்டிங் ஸ்பிரே ஒன்றும் எடுத்து நீட்டினார். அதை வேண்டாம் என்றேன். அந்த ஸ்பிரேயில் இருப்பது சட்டென்று பற்றுகிற ஈதர். ஹீற்றர் நெருப்பாக இருக்கிற குழாய்க்குள் அதை அடிப்பது தற்கொலைக்குச் சமன்.

பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். விரல் நீள உருளை, உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு சின்ன வால்வு. எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாயான மனிபோல்டில் திருகிப் பூட்டவேண்டும். மெல்லிய குழாயொன்று டீசலைக் கொண்டுவந்து கொடுக்கும். பூட்டமுன் குறட்டில் பிடித்துப் பற்றரியில் தொடுத்துப் பார்த்தேன். பத்துப் பதினைந்து செக்கனில் சுருள் சிவந்தது, சூட்டில் வால்வு திறந்து டீசல் கசிந்தது, 'பக்' என்று பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்குள் போகிற காற்றை அந்தச் சுவாலைதான் சூடாக்கும். அடுப்படியிலிருந்து மனுசி எட்டிப் பார்த்து, "என்ன, வெடி விடுறியளோ?" என்றா. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த நாள் விடியப்புறம் இருபது செக்கன் சூடாக்கித் திருப்பினேன். அதே இழுவை.

ஒழுங்கையில் முந்திக் கராஜ் வைத்திருந்த பெரியவர் படலையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உது குளிரில்லை. சுத்துற சுத்துக் காணாது."

மீற்றரை எடுத்துவந்து ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் தலையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவி திருப்பச் சொன்னார். 1.8 வோல்ற். அரை வோல்ற்றுக்குக் கீழே இருக்கவேண்டிய இடம் அது. அந்த இரண்டையும் இணைக்கிற எர்த் கேபிளைக் கழற்றினால் நுனி முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் இருந்தது. உப்புக் காற்று ஊர்தானே. அரத்தால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, மொத்தமான புதுக் கேபிள் போட்டோம். ஹீற்றரைச் சூடாக்கவில்லை, முதல் திருப்பிலேயே எடுத்தது. கேபிளுக்குப் போனது ஹீற்றர் விலையில் பாதிகூட இல்லை.

டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது. காற்றை நெரித்து 500 பாகைக்கு மேல் சூடாக்கி அதில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் நெரிபட்ட காற்று பிஸ்டன் ரிங் வழியாக ஒழுகும், சூட்டை இரும்பு குடித்துவிடும். எங்கள் ஊர் மார்கழி விடியல் 22 பாகை. மெசியின் பேர்கின்ஸ் எஞ்சின் பிஸ்டனின் தலையிலேயே நேராக டீசல் அடிக்கிற சாதி. ஒழுங்காகச் சுற்றினால் இந்தக் குளிர் அதற்குக் குளிரே இல்லை.

எல்லா டீசலுக்கும் இதைச் சொல்லமாட்டேன். மச்சானின் டொயோட்டா டொல்பின் வானில் இருப்பது 3எல் என்கிற எஞ்சின். டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் அடிபடுவதால் சூடு இரும்போடு போய்விடும். அந்த அறையைச் சூடாக்குகிற ஹீற்றர் பிளக் இரண்டு போனாலே யாழ்ப்பாணத்திலும் விடியப்புறம் மல்லுக்கட்டத்தான் வேண்டும். அவர் நுவரெலியாவுக்கு ஹயர் போகிறவர் வேறு. அங்கே தை மாதத்தில் புல்லில் உறைபனி பிடிக்கும். ரொறன்ரோவில் மருமகன் வைத்திருக்கிற கம்மின்ஸ் பிக்கப்பில் காற்றுப் போகிற வழியிலேயே மின்சாரச் சூட்டுப்பட்டை இருக்கிறது. அது போதாதென்று இரவில் எஞ்சின் புளொக்கையும் வீட்டுப் பிளக்கில் கொழுவி வைக்கிறானாம். மைனஸ் 20இல் அவனுக்கு அது தேவை.

கடைத் தம்பி ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம்: "அண்ணை, எஞ்சின் கெதியாச் சுத்துதோ?" கேட்டிருந்தால் வியாபாரம் போயிருக்கும், ஆனால் வாடிக்கை நிலைத்திருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். பழைய ஹீற்றரின் வால்வு தேய்ந்து மனிபோல்டுக்குள் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது, கழற்றும்போதுதான் கண்டேன். புதியது சொட்டவில்லை, காலைப் புகையும் குறைந்திருக்கிறது. அந்த ஓட்டையில் ஒரு போல்ற்றை முறுக்கி, டீசல் குழாயை அடைத்திருந்தாலும் அதே பலன்தான். இப்போது ஹீற்றரின் வயரைக் கழற்றிவிட்டேன். 4500 ரூபா மூடியாக மனிபோல்டில் இருக்கிறது.